துறைமுகத்தின் முழக்கமும் காவலர் செவியும்

அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசு புரிந்த எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டிலே ஒரு மணியைத் தொங்கவிட்டிருந்தான் என மகாவம்சம் கூறுகின்றது. அம்மணியிற் பூட்டிய நீண்ட கயிற்றை நீதி வேண்டி வருவோர் எவரும் இழுக்கலாம். சோழநாட்டு மனுநீதிச் சோழனுடைய வரலாற்றிலும் இத்தகைய ஆராய்ச்சி மணியொன்று உண்டு. கன்றையிழந்த பசு அதனை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். இவ்விரு வரலாறுகளையும் சொல்லுவோர் மணியைப் புகழ்வர். மன்னனின் நடுநிலைமையைப் புகழ்வர். மணியின் ஓசையை ஏற்ற செவியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அச்செவி மந்தமாயிருந்திருப்பின் பசுவின் முறையீடு தெருவோடு போயிருக்கும்.

முடியும் செங்கோலும் மறைந்த இக்காலத்திலே, குடிமக்களின் முறையீட்டை முதன்முதலிற் கேட்குஞ் செவி பொலிஸ் நிலையத்து உத்தியோகத்தரின் செவியேயாகும். களவு கொடுத்தவனும், அடிபட்டவளும், பிள்ளையைக் காணாத தாயும் முதலில் அவர் முன்னேதான் நின்று வாய் திறக்கின்றனர். அத்தகைய செவியை அவருடைய தொழிலே சிறிது சிறிதாகக் கெடுத்துவிடுகின்றது என்பது பலரறியாத செய்தி. வெடியோசை, ஊதுகுழலோசை, வாகனங்களின் இரைச்சல் ஆகியன அவருடைய நாளாந்த வாழ்வோடு கலந்தவை. அவற்றால் நேருங் கேள்விக் குறைவுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பல படிகளை ஓரிடத்தில் நின்று நோக்குவதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தைப் போலப் பொருத்தமான இடம் பிறிதில்லை.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, கடலும் களப்பும் கலக்குமிடத்திலே, இலங்கைத்துறை முகத்துவாரம் என்னும் சிற்றூர் உண்டு. அலையும் காற்றும் தோணியிழுப்போர் குரலும் அக்கரைக்கு இயல்பான ஓசைகள். வடக்கே திருகோணமலையின் உட்துறைமுகமோ வேறொரு விதியைப் பெற்றது. பெருங் கப்பல்களும் அச்சமின்றித் தங்கத்தக்க ஆழமும், நாற்புறமும் குன்றுகளின் காவலும் அதற்கு வாய்த்தன. இயற்கை அளித்த அந்தச் செல்வமே அதற்குப் பகையாயிற்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் அதனை அடையப் போராடினர். ஒவ்வொருவரும் பீரங்கியோடு வந்தனர். பீரங்கியாலேயே வெளியேற்றவும் பட்டனர்.

இவற்றுள் 1782 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜனவரி மாதத்திலே அட்மிரல் எட்வேட் ஹியூஸ் தலைமையில் வந்த ஆங்கிலேயர், ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையையும் துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்ரன்பேக் கோட்டையையும் கைப்பற்றினர். ஆகஸ்ட் மாத இறுதியில் பிரான்சியக் கடற்படைத் தலைவர் சஃப்ரன் வந்து அவ்விரண்டையும் பறித்துக்கொண்டார். செப்டம்பர் மாதம் 3 ஆந் திகதி இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே எதிர்நின்றன. சஃப்ரனிடம் 14 பெருங் கப்பல்கள், ஹியூசிடம் 12. சஃப்ரன் ஏறியிருந்த கப்பலின் நடுப் பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. இருபாலும் பலர் மாண்டனர். யாரும் முற்றாக வென்றாரெனச் சொல்லமுடியாத நிலையில் அன்றைய போர் முடிந்தது.

மாண்டவர்களையும் காயமுற்றவர்களையும் இரு படையினரும் கணக்கெடுத்தனர். கால் இழந்தவனும் கண் இழந்தவனும் காயமுற்றோர் பட்டியலில் இடம்பெறுவர். காதினுள்ளே இரவும் பகலும் சில்வண்டு இரைவதுபோன்ற ஓசையுடன் ஊர் திரும்பியவனுக்கு எந்தப் பட்டியலிலே இடமுண்டு? இரத்தம் சிந்தாத காயம் அது. தழும்பு காட்டாத புண் அது. ஆகவே அது காயமென்றே எண்ணப்படவில்லை.

எனினும், அதே 1782 ஆம் ஆண்டிலே, உலகின் மறுபுறத்தில், இத்தகைய காயமொன்று வரலாற்றிற் பதிந்தது. ஏப்ரில் மாதம் 12 ஆந் திகதி மேற்கிந்தியத் தீவுகளை அடுத்த கடலில் ஆங்கிலேயருக்கும் பிரான்சியருக்கும் பெரும் போரொன்று நிகழ்ந்தது. ஆங்கிலக் கடற்படையின் தலைவர் அட்மிரல் றொட்னி. அவருடைய கப்பலான ஃபோமிடபிள், பக்கவரிசைப் பீரங்கிகளை ஒருசேர முழக்கி 80 முறை சுட்டது என்பர். அதன்பின்னர் 14 நாட்கள் வரையில் றொட்னிக்குக் காது கேளாமற் போயிற்றென்ற செய்தி கடற்படை மருத்துவ நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. அவர் அட்மிரலாக இருந்தமையாலன்றோ அச்செய்தி எழுத்தில் நின்றது! மேற்றளத்தில் நின்ற தலைவருக்கே அந்நிலையென்றால், கீழ்த்தளத்தின் இருண்ட அறைகளிலே, பீரங்கியின் அருகிலே நின்று மருந்து கிட்டித்தோர் செவிகள் என்னவாகியிருக்கும்? அவர்கள் தலையைச் சுற்றிக் கைக்குட்டையை இறுகக் கட்டிக் காதை மூடிக்கொண்டனர். அக்காலத்தில் அவர்களுக்கு வாய்த்த காப்பு அவ்வளவே.

றொட்னியின் செவி 14 நாட்களில் தேறிற்று என்பதிலே மருத்துவ உண்மையொன்று அடங்கியிருக்கின்றது. மனிதனுடைய உட்செவியிலே நத்தைக் கூட்டின் வடிவில் ஓர் உறுப்பு உண்டு. அதனுள்ளே ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒலியலை உள்ளே புகும்போது அக்கலங்களின் நுனிகள் அசைகின்றன. அவ்வசைவே நரம்பின் வழியாக மூளையை அடைந்து ஓசையென உணரப்படுகின்றது. புல்வெளியில் ஒருவன் ஒருமுறை நடந்தாற் புல் மடியும், மறுநாள் நிமிர்ந்துவிடும். நாள்தோறும் நடந்தால் அவ்விடம் ஒற்றையடிப் பாதையாகும். பின்னர் அங்கே புல் முளைப்பதில்லை. பேரோசையினால் மயிர்க்கலங்கள் சோர்ந்து, ஓய்வு கிடைத்ததும் தேறுதல் முதலாவது நிலை. பேரோசை தொடர்ந்து தாக்க அவை மடிந்தொழிதல் இரண்டாவது நிலை. கோழி முதலிய பறவைகளுக்கு இக்கலங்கள் மீண்டும் வளருமென்பது 1980 களில் அறியப்பட்டது. மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. போன செவி போனதே.

இவ்வுண்மையை உலகம் போர்க்களத்திலும் பார்க்கத் தொழிற்கூடத்திலேதான் முதலிற் கற்றது. இத்தாலிய மருத்துவரான இரமத்சீனி, தொழிலாளரின் நோய்கள் பற்றி 1700 இல் நூலொன்றை வெளியிட்டு, 1713 இல் அதனை விரித்தெழுதினார். வெனிஸ் நகரிலே செப்புப் பாத்திரஞ் செய்வோர் ஒரே பகுதியிற் கூடி வாழ்ந்தனர். தமிழூர்களிலுள்ள கன்னார் தெருவைப் போன்றதோர் இடம் என்க. காலை முதல் மாலை வரை சம்மட்டியோசை கேட்டுக் கேட்டு அவர்களுடைய காது மந்தமாகி, முதுமையில் முற்றுஞ் செவிடாகின்றதென அவர் எழுதினார். 1831 இல் ஃபொஸ்புறூக் என்னும் ஆங்கில மருத்துவர் கொல்லரின் செவிட்டைப் பற்றி எழுதினார். நீராவிக் கப்பல்களின் காலம் வந்தபோது கொதிகலன் செய்வோரின் தொகை பெருகிற்று. இரும்புக் கலத்தினுள்ளே ஒருவன் நிற்க, வெளியே மற்றொருவன் தறையாணியை அறைவான். 1886 இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தோமஸ் பார், கொதிகலன் தொழிலாளர் 100 பேரையும், இரும்பு வார்ப்போர் 100 பேரையும், தபாற் சேவகர் 100 பேரையும், கைக்கடிகாரத்தின் ஓசையைக் கொண்டு சோதித்து ஒப்பிட்டார். கொதிகலன் தொழிலாளருள் ஒருவருக்கேனும் செவி இயல்பான நிலையில் இருக்கவில்லை. இந்நோய்க்குக் 'கொதிகலன் தொழிலாளர் செவிடு' என்னும் பெயரே வழங்கலாயிற்று.

பெயர் கிடைத்த நோய்க்குக் காலப்போக்கில் சட்டமும் கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவிலே நியூயோர்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1948 இல் உலைக்கூடத் தொழிலாளி ஒருவருக்குத் தீர்ப்பளித்தது. அவர் வேலையையும் இழக்கவில்லை, கூலியையும் இழக்கவில்லை. எனினும் செவியை இழந்ததற்கே நட்டஈடு பெறும் உரிமை அவருக்குண்டு என நீதிபதிகள் கூறினர். 1975 இல் பிரித்தானியாவிலே செவிட்டுத்தன்மை கைத்தொழில் நோய்களின் பட்டியலிற் சேர்ந்தது. இந்தியாவின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் ஓசையால் நேருங் கேள்விக் குறைவு இடம்பெற்றது. ஆலையில் உழைத்தவனின் செவிக்கு இவ்வாறு விலையொன்று குறிக்கப்பட்டது. சீருடை அணிந்தவனின் செவியோ இன்னும் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆலையோசை தொழிலின் தீங்கு எனக் கருதப்பட்டது. வெடியோசையோ வீரத்தின் அடையாளமெனக் கருதப்பட்டது. காதைப் பொத்திக்கொள்ளும் வீரனை அவனுடைய தோழரே நகைப்பர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பீரங்கிப் படையினருக்கென்றே செவிக்காப்புகள் செய்யப்பட்டிருந்தன. ஆயினும் அவற்றை அணிவது கோழைத்தனம் என்னும் எண்ணம் எளிதில் நீங்கவில்லை. கட்டளை காதில் விழாமற் போய்விடுமே என்ற அச்சமும் உடனிருந்தது.

இலங்கைப் பொலிசின் வரலாற்றுக்கு இனி வருவோம். 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ், கம்பெல் என்பார் 1866 செப்டம்பர் 3 ஆந் திகதி பொலிஸ் சேவையின் தலைமையை ஏற்றார். அந்நாளே இன்றளவும் பொலிஸ் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. திருகோணமலைக்கு வெளியே ஹியூசும் சஃப்ரனும் பொருத அதே செப்டம்பர் 3 ஆந் திகதியில், 84 ஆண்டுகள் கழித்து இச்சேவை தோன்றியது தற்செயலான ஒற்றுமையே. ஆயினும் நினைவில் வைத்தற்கு எளிதானதோர் ஒற்றுமை.

அக்காலத்துப் பொலிசாரின் கருவிகளில் ஓசையெழுப்புங் கருவி முதன்மையானது. இலண்டன் மாநகரப் பொலிசார் முதலில் மரத்தாலான கிலுகிலுப்பையைச் சுழற்றியே உதவிக்கு ஆள் அழைத்தனர். 1880 களின் நடுப்பகுதியில் பேர்மிங்காம் நகரத்து யோசப் ஹட்சன் செய்த ஊதுகுழல் அதன் இடத்தைப் பிடித்தது. அதன் ஓசை ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்டது. நாடெங்கும் பேரரசெங்கும் அக்குழல் பரவிற்று. ஒரு மைலுக்கு அப்பால் நிற்பவனின் காதுக்கென ஊதப்படும் ஓசை, ஊதுபவனின் காதுக்கு ஒரு சாண் தூரத்திலேயே பிறக்கின்றது என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் அரியர்.

திருகோணமலையிலோ வேறு ஓசைகள் காத்திருந்தன. 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் கையிற் சேர்ந்த துறைமுகம், இருபதாம் நூற்றாண்டில் பெருங் கடற்படைத் தளமாயிற்று. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன; விமானத் தளமும் அமைந்தது. குன்றுகளின்மேற் கரையோரப் பீரங்கிகள் ஏறின. 1942 ஏப்ரில் 9 ஆந் திகதி காலையிலே யப்பானிய விமானங்கள் வந்தன. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் முழங்கின, குண்டுகள் வீழ்ந்தன, விமானமொன்று எண்ணெய்த் தாங்கியில் மோதித் தீப்பற்றிற்று. துறைமுகத்தை விட்டு முன்னரே தெற்கு நோக்கிச் சென்றிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அண்மையில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 300 க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரிலிருந்த மக்களிற் பலர் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்நாட்டை நோக்கி ஓடினர். ஓடுகின்றவன் ஓசையிலிருந்து விலகுகின்றான். காவற் கடமையில் நிற்பவனோ ஓசையின் நடுவிலேயே நிற்கவேண்டியவன்.

இலங்கையிலே தொழிற்சாலைக் கட்டளைச் சட்டம் பிறந்ததும் அதே 1942 ஆம் ஆண்டில்தான். அது அவ்வாண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பேணுவதற்கென்றே அது எழுந்தது. ஆயினும் அதன் பார்வை தொழிற்சாலையின் மதிலுக்குள் அடங்கியது. வீதிச் சந்தியைத் தொழிற்சாலை என்று யார் சொல்லுவார்? சூட்டுப் பயிற்சித் திடலைத் தொழிற்சாலை என்று யார் கருதுவார்? செவியைக் கெடுக்கும் ஓசைக்கு மாத்திரம் அவ்வேறுபாடு தெரிவதில்லை.

1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. குன்றுகளின்மேல் நின்ற பீரங்கிகள் காட்சிப் பொருள்களாயின. துறைமுகம் அமைதி கண்டதென எண்ணியிருக்க, ஒரு தலைமுறைக்குள் மீண்டும் வெடியோசை எழுந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலே திருகோணமலை மாவட்டம் பெருந்துன்பம் அடைந்தது. 2006 இல் மாவிலாற்றிலும் மூதூரிலும் நடந்த சண்டைகள் பல்லாயிரம் மக்களை ஊர்விட்டு ஊர் துரத்தின. அந்நெடுங் காலத்திலே பொலிசார் களவையும் கலகத்தையும் விசாரிப்போராக மாத்திரம் இருக்கவில்லை. துப்பாக்கி ஏந்திக் காவலரணிலும் நின்றனர். வெடியதிர்ச்சி எவர் செவியையும் பார்த்துத் தாக்குவதில்லை. படையினன், போராளி, பொலிஸ்காரன், மீனவன், பள்ளிப் பிள்ளை ஆகிய யாவரும் ஒரே காற்றின் அதிர்வையே ஏற்றனர். உயிரிழந்தோருக்காக அழுவதற்கே கண்ணீர் போதாதிருந்த காலத்தில், காதைப் பற்றி நினைக்க எவருக்கு மனம் வரும்?

ஓசையின் அளவைப் பற்றி இவ்விடத்திற் சிறிது சொல்லவேண்டும். ஒலியின் உரம் டெசிபெல் என்னும் அலகால் அளக்கப்படுகின்றது. இருவர் இயல்பாக உரையாடுவது ஏறக்குறைய 60 டெசிபெல். இவ்வளவு முறையிலே 3 கூடுந்தோறும் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கின்றது என்பதை மனத்தில் இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் 85 டெசிபெல் வரையிற் செவி தாங்கலாம் என்பது அறிஞர் வகுத்த எல்லை. 88 ஆயின் 4 மணித்தியாலம்; 91 ஆயின் 2 மணித்தியாலம்; 100 ஆயின் 15 நிமிடம் மாத்திரமே. நெருக்கமான வீதிச் சந்தி பல வேளைகளில் 80 ஐத் தாண்டும். பொலிஸ் ஊதுகுழல் 100 ஐத் தாண்டும். கைத்துப்பாக்கியின் ஒரு வெடி, சுடுபவன் செவியருகே 150 க்கு மேற்பட்ட உச்சத்தை எட்டும். அந்த உச்சத்திலே மணித்தியாலக் கணக்கு என்பதே இல்லை. ஒரு வெடியே கேடு செய்யப் போதுமானது.

இக்கேட்டைப் பொலிசாரிடமே ஆராய்ந்தோர் உளர். இந்தியாவிலே மகாராட்டிர மாநிலத்துப் புனே நகரத்துப் போக்குவரத்துப் பொலிசாரைச் சோதித்து 1999 இலும், அம்மாநிலத்து ஜல்காவ் நகரத்துப் பொலிசாரைச் சோதித்து 2005 இலும் வெளியான ஆய்வுகள், சந்தியில் நின்று கடமை செய்வோரின் கேள்வித்திறன் குன்றியிருத்தலைக் காட்டின. புகையும் வெயிலும் அவர்களை வருத்துவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாதிருந்தது. வட அயர்லாந்திலோ இது நீதிமன்றம் வரை சென்றது. அங்குள்ள பொலிசாரில் ஆயிரக்கணக்கானோர், தகுந்த செவிக்காப்பின்றிச் சூட்டுப் பயிற்சி செய்தமையாற் செவி கெட்டதென நட்டஈடு கோரினர். அயல் நாடான அயர்லாந்துக் குடியரசிலே இராணுவத்தினர் 16,000 க்கு மேற்பட்டோர் 1990 கள் தொட்டு இதே முறையீட்டுடன் வந்தனர். அரசுக்கு ஏற்பட்ட செலவு ஏறக்குறைய 30 கோடி யூரோ. செவிட்டை அளந்து மதிப்பிடும் முறையை வகுப்பதற்கென்றே 1998 இல் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சில நாணயங்களுக்கு வாங்கத்தக்க செவியடைப்பை உரிய காலத்திற் கொடாமையால் வந்த செலவு அது.

இனி, இக்குறைபாடு எவ்வாறு தொடங்குகின்றதென்பதை அறிதல் வேண்டும். பேரோசையாற் கெடுஞ் செவி முதலில் உயர்ந்த சுருதியுடைய ஒலிகளையே இழக்கின்றது. வினாடிக்கு 4,000 அதிர்வுகள் கொண்ட ஒலிகளின் அயலிலேதான் கேடு முதலிற் புலப்படும். பேச்சிலே உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் அமைந்தவை. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பல உயர்ந்த சுருதியில் அமைந்தவை. ஆகவே, பாதிக்கப்பட்டவனுக்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. 'காசு' என்றாலும் 'காது' என்றாலும் 'காடு' என்றாலும் அவன் செவிக்கு ஏறக்குறைய ஒன்றே. ஆள் பேசுவது கேட்கின்றமையால் தன் செவியிற் குறையில்லை என்றே அவன் நம்புகின்றான். மற்றவர்கள் தெளிவாகப் பேசுவதில்லையென்று சினம் கொள்ளுகின்றான்.

இந்தச் சினத்திலேதான் பொருள் பெரிதாகின்றது. பொலிஸ் நிலையத்துக்கு வருபவன் இயல்பாகவே அஞ்சித் தாழ்ந்த குரலிற் பேசுவான். மேசைக்கு அப்பாலிருந்து 'என்ன?' என்று உரத்த குரல் வரும். மறுபடியுஞ் சொல்லுவான், மறுபடியும் அதே அதட்டல். மூன்றாம் முறை அவன் சொல்லவந்ததிற் பாதியை விழுங்கிவிடுவான். உத்தியோகத்தர் தம்மை மதிக்கவில்லை என்ற மனப்புண்ணோடு வீடு திரும்புவான். உத்தியோகத்தரோ, வந்தவன் எதையோ மறைக்கின்றான் என்று எண்ணுவார். அதட்டல்கள் யாவும் செவிட்டினாலே பிறப்பன என்று சொல்வது பொருந்தாது. ஆயினும் சில அதட்டல்களுக்கு வேர் அங்கே இருக்கக்கூடும்.

திருகோணமலை மாவட்டத்துக்கு இது பின்னும் ஒரு வகையிற் பொருந்தும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் நிலம் அது. முறையிடுவோன் தமிழிற் பேச, கேட்பவர் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவராயிருத்தல் அங்கே வழக்கமான காட்சி. தாய்மொழியிலே பாதிச் சொல் காதில் விழுந்தாலும் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். பின்னர் கற்ற மொழியில் அவ்வுதவி கிடையாது. ஒவ்வொரு மெய்யொலியும் தெளிவாகக் காதில் விழவேண்டும். ஆகவே மொழி பயின்று மக்களோடு பேச முயலும் நல்ல உத்தியோகத்தரையும் கெட்ட செவி தோற்கடித்துவிடும். மொழிப் பயிற்சிக்குப் பணமும் காலமும் செலவிடும் நாடு, அம்மொழியைக் கேட்கவேண்டிய செவியைக் காவாது விடுதல், விதைநெல்லைச் சேமித்து வயலை உவரடிக்க விடுவதை ஒக்கும்.

பரிகாரம் அரியதன்று. சேவையிற் சேரும் நாளிலே ஒவ்வொருவருடைய செவியையும் கருவி கொண்டு அளந்து பதிந்து வைத்தல் முதலாவது. ஆண்டுதோறும் அதனை மீண்டும் அளந்து ஒப்பிடுதல் இரண்டாவது. அவ்வாறு செய்தாற் குறை தொடங்கும்போதே கண்டு, அவரைப் பேரோசையிலிருந்து வேறு கடமைக்கு மாற்றலாம். ஐக்கிய அமெரிக்க விமானப்படை 1956 இலேயே இத்தகைய ஒழுங்கை விதியாக்கியது. சூட்டுப் பயிற்சியின்போது செவியடைப்பும் அதன்மேற் செவிமூடியும் அணியாது எவரும் திடலிற் கால்வைக்கலாகாது என்பது மூன்றாவது. 1972 இல் உருவாகிய நுரைச் செவியடைப்பு இன்று உலகெங்கும் மலிந்த விலைக்குக் கிடைக்கின்றது. சந்திக் கடமையை முறை மாற்றிக் கொடுத்தல் நான்காவது. இவற்றுக்கெல்லாம் மேலாக, காது மந்தமென்று சொன்னாற் பதவியுயர்வு போய்விடும் என்னும் அச்சத்தை நீக்குதல் வேண்டும். மறைக்கப்படும் நோயை எந்தக் கருவியும் அளக்கமாட்டாது. பொதுமக்களுக்கும் இதிற் பங்குண்டு. சந்தியிலே காரணமின்றி ஊதுகுழலை அழுத்தும் பஸ் சாரதியும், கார் ஓட்டுபவரும், தமக்கு வழிகாட்டி நிற்பவனின் செவியிலேதான் அடிக்கின்றனர்.

திருவள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தைத் துறவறத்தின் கீழ் வைத்தாரில்லை. பொருட்பாலிலே, அரசியலுக்குரிய அதிகாரங்களின் வரிசையில், கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தபடியாக வைத்தார். ஆளுவோருக்குச் செவி வேண்டுமென்பது அவ்வைப்பு முறையிலேயே விளங்கும். எல்லாளன் தலைமாட்டில் மணியைக் கட்டியதும் அதே கருத்தினாலேயாம்.

திருகோணமலையின் குன்றுகள்மேல் பழைய பீரங்கிகள் இன்று வாய் மூடிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க வரும் பிள்ளைகள் அவை எத்தனை கப்பல்களை மூழ்கடித்தன என்று கேட்பர். எத்தனை செவிகளை மூழ்கடித்தன என்பதையும் வழிகாட்டுவோர் அவர்களுக்குச் சொல்லலாம். இலங்கைத்துறையிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ நாளைக் காலையில் ஓர் ஏழைத் தாய் முறையீட்டோடு பொலிஸ் நிலையத்துப் படியேறுவாள். அவள் இழுக்கும் மணி அவளுடைய மெல்லிய குரலே. அதனைக் கேட்கத்தக்க செவி மேசைக்கு அப்பால் இருக்கவேண்டும்.